ஒகேனக்கல் பரிசல்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஒகேனக்கல் என்றதும் பலருக்கும் அருவிதான் ஞாபகம் வரும். தொங்கு பாலத்தில் ஏறி மெயின் அருவியைப் பார்த்துவிட்டு, குளித்து, மீன் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் என்னைக் கேட்டால், அங்கே பார்க்க வேண்டியது அருவி விழுந்த பிறகுதான் தொடங்குகிறது. அகலமாகப் பரந்து வந்த காவிரி, இரண்டு பக்கமும் செங்குத்தாக நிற்கிற பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி ஓடும் இடம் அது. பரிசலில் உட்கார்ந்து கழுத்தை அண்ணாந்து பார்த்தால்தான் அந்தப் பாறைகளின் உயரம் உறைக்கும். மேலே நின்று எட்டிப் பார்க்கிறவர்களுக்கு அதில் பாதிகூடத் தெரியாது.

அந்தப் பயணம் உங்களுக்கு வாய்க்குமா வாய்க்காதா என்பதை விடுதி முன்பதிவோ வார இறுதியோ தீர்மானிப்பதில்லை. ஆற்றில் அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. ஆகவே அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதலில் நீர்வரத்து, அப்புறம் நாள்

ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகத்திலிருந்து காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் பிலிகுண்டுலு என்ற ஊர் இருக்கிறது. மத்திய நீர் ஆணையம் அங்கே அளவு நிலையம் வைத்து, ஆற்றில் விநாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் போகிறது என்று அளக்கிறது. காவிரி வழக்கிலும் இந்த இடத்துக் கணக்குக்கு முக்கிய இடம் உண்டு. 2018-இல் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தர வேண்டும் என்று தீர்ப்பளித்ததும் பிலிகுண்டுலுவில் அளக்கும் கணக்குத்தான். நமக்கு அவ்வளவு பெரிய விவகாரம் வேண்டாம். அன்றாடம் தருமபுரிச் செய்திகளில் வருமே, ‘ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி’ என்று, அந்த ஒரு வரி போதும்.

அதை எப்படிப் படிப்பது? இரண்டாயிரத்திலிருந்து ஏழெட்டாயிரம் கன அடி வரை என்றால் நிம்மதியாகக் கிளம்பலாம். பத்தாயிரத்தை நெருங்கினால், கிளம்பும் முன் விடுதிக்கோ உள்ளூர்க்காரர் யாருக்காவதோ போன் போட்டு, பரிசல் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டதென்றால் வேறு நாள் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். இது எல்லாம் ஒரு உத்தேசக் கணக்குதான். பரிசலை நிறுத்துவதும் திரும்ப விடுவதும் மாவட்ட நிர்வாகம் அன்றன்றைய நிலவரத்தைப் பார்த்து எடுக்கிற முடிவு. சில சமயம் குளிக்கத் தடை இருக்கும், பரிசல் ஓடும். சில சமயம் இரண்டுக்குமே தடை.

தென்மேற்குப் பருவமழை வலுத்தால் குடகிலும் வயநாட்டிலும் பெய்கிற மழை கிருஷ்ணராஜ சாகரையும் கபினியையும் நிரப்பும். அவை நிரம்பியதும் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். அது ஓரிரு நாளில் ஒகேனக்கல் வந்து சேர்ந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் நீர்வரத்து லட்சம் கன அடியைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. 2018-லும் 2024-லும் அப்படித்தான். அந்த நாள்களில் அருவி என்று தனியாக ஒன்றும் இருக்காது, எல்லாம் ஒரே செந்நிற வெள்ளம். பாறைகள் மூழ்கிவிடும், நடைபாதையை மூடிவிடுவார்கள், கரையில் போலீஸ் நிற்கும். ஆகவே அந்த மாதங்களில் போகிறவர்கள் பிலிகுண்டுலு கணக்கோடு, இரண்டு அணைகளிலிருந்தும் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நாளை மறுநாள் ஆறு எப்படி இருக்கும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஆடிப்பெருக்கு நாளில் பரிசல் ஆசையோடு போகாதீர்கள். கூட்டம் ஒரு பக்கம், வெள்ளம் மறுபக்கம்.

என் தேர்வு அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை. தண்ணீர் ஓரளவு தெளிந்திருக்கும், அருவிகளிலும் குறைவில்லை, வெயிலும் தாங்கும். வடகிழக்குப் பருவமழையில் அக்கம்பக்கத்து மலைகளில் பெய்தால் மட்டும் திடீரென்று வரத்து கூடும், அதற்குத் தயாராக இருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சில நூறு கன அடிக்குக்கூட ஆறு இறங்கிவிடும். அருவி மெலிந்துபோகும். ஆனால் ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன்: தண்ணீர் இறங்க இறங்கப் பாறைச் சுவரின் உயரம் கூடிக்கொண்டே போகும். வெள்ளத்தில் மூழ்கியிருந்த அடிப்பகுதியெல்லாம் வெளியே வந்து, பரிசல் ஒரு கிணற்றின் அடியில் மிதக்கிற மாதிரி இருக்கும். அருவிக்காகப் போகிறவர்களுக்குக் கோடை ஏமாற்றம். பாறைகளுக்காகப் போகிறவர்களுக்கு வெயிலைத் தவிர வேறு குறையில்லை.

போய்ச் சேருவது

தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 46 கிலோமீட்டர். இண்டூர், பென்னாகரம் வழியாகப் பேருந்துகள் ஓடுகின்றன. ரயிலில் வருகிறவர்கள் தருமபுரியில் இறங்கலாம். அதிக ரயில்கள் வேண்டுமென்றால் சேலம். பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர்களுக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழி நேரான வழி. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகவும் ஒரு காட்டுச் சாலை இருக்கிறது. பார்க்க அழகுதான், ஆனால் முதல்முறை வருகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பென்னாகரம் தாண்டியதும் சாலை காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும். யானைகள் குறுக்கே வருகிற இடம் அது. வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம். குரங்குகளுக்குத் தீனி போடவும் வேண்டாம்.

முடிந்தால் முந்தின நாள் சாயங்காலமே வந்து தங்கிவிடுங்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு இருக்கிறது, தனியார் விடுதிகளும் இருக்கின்றன. காலையில் முதல் ஆளாகப் பரிசல் துறைக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் போய் நின்றால் வரிசையிலேயே பாதி உற்சாகம் கரைந்துவிடும்.

எதை எடுத்துப் போவது

கொஞ்சமாக எடுத்துப் போங்கள், அவ்வளவுதான். நனைந்தால் சீக்கிரம் காய்கிற உடை, பின்பக்கம் வார் வைத்த செருப்பு. வார் ஏன் என்றால், நடுவே பரிசலிலிருந்து இறங்கிப் பாறைமேல் நடக்க வேண்டியிருக்கும். ஹவாய் செருப்பு அங்கே வழுக்கும், இல்லாவிட்டால் ஆற்றோடு போகும். புடவை கட்டியிருந்தாலும் ஏறலாம், இறங்கலாம், நிறைய பேர் அப்படித்தான் வருகிறார்கள். ஆனாலும் சுடிதார் சௌகரியம். போனுக்குக் கழுத்தில் மாட்டுகிற நீர்புகா உறை கண்டிப்பாக வேண்டும். அங்கேயே கடைகளில் கிடைக்கும். தொப்பி, ஒரு பாட்டில் தண்ணீர். பிளாஸ்டிக் பையும் நொறுக்குத்தீனிப் பொட்டலமும் ஆற்றுக்குள் போகக் கூடாது. மது அருந்திவிட்டுப் பரிசலில் ஏறவே ஏறாதீர்கள், ஒகேனக்கல்லில் உயிர் போன கதைகளில் பலவற்றுக்கும் தொடக்கம் அதுதான்.

பரிசல் துறையில்

பரிசல் துறைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன: சின்னாறு, மாமரத்துக்கடவு, கோத்திக்கல், ஊட்டமலை. தண்ணீரின் அளவைப் பார்த்து எந்தத் துறையிலிருந்து, எந்த வழியாகப் பரிசல் விடுவது என்பதை மாற்றிக்கொள்வார்கள். அதனால் ‘போன வருஷம் என் மச்சான் அந்தப் பக்கம் போனான்’ என்று வாதாடிப் பயனில்லை.

சீட்டைக் கவுன்ட்டரில்தான் வாங்க வேண்டும். கட்டணம் எழுதிய பலகை அங்கே இருக்கும், அதை நின்று படியுங்கள். ஒரு பரிசலுக்கு இவ்வளவு என்பதுதான் கணக்கு, ஆளுக்கு இவ்வளவு என்றில்லை. பெரியவர்கள் நாலு பேர் ஏறுவது வழக்கம். நீங்கள் இரண்டு பேர் மட்டும் என்றால், இன்னொரு ஜோடியைச் சேர்த்துக்கொண்டு செலவைப் பகிரலாம். பேருந்து நிலையத்திலேயே உங்களைப் பிடித்து, ‘சார், தனி வழியில் கூட்டிப்போகிறேன், சீட்டெல்லாம் வேண்டாம்’ என்று சொல்கிறவர்கள் வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தடை போட்டிருக்கும் நாளில் அப்படி அழைப்பவர்கள் கூடுதலாக வருவார்கள். அன்றைக்குத்தான் நீங்கள் கூடுதலாக உஷாராக இருக்க வேண்டும்.

எதிர்க்கரை கர்நாடகம். அங்கேயும் பரிசல் ஓட்டுகிறார்கள். அந்தச் சீட்டு வேறு, இந்தச் சீட்டு வேறு.

லைப் ஜாக்கெட் தருவார்கள். அதைக் குழந்தை முதல் தாத்தா வரை எல்லோரும் போட்டாக வேண்டும். போட்டால் மட்டும் போதாது, முன்பக்கத்து கொக்கிகள் எல்லாவற்றையும் மாட்டி இறுக்குங்கள். தோளில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறி வந்தால் அது உங்களுக்குப் பெரிது, வேறு கேளுங்கள். குழந்தைகளுக்கு இதை இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும். படத்துக்காக ஐந்து நிமிஷம் கழற்றுவதெல்லாம் வேண்டாம். பாறை இடுக்குகளில் சுழல் இருக்கிறது, நீச்சல் தெரிந்தவர்களையும் அது விட்டுவைப்பதில்லை.

ஏறுவதற்கு முன் ஓட்டியிடம் மூன்று விஷயம் பேசிக்கொள்ளுங்கள். எங்கெங்கே போவோம், எவ்வளவு நேரம், எங்கே இறங்கி நடக்க வேண்டும்? மூங்கில் நெய்து பிழைத்தவர்கள், மீன்பிடித்தவர்கள், பரிசலே பரம்பரைத் தொழிலாக வைத்திருப்பவர்கள் என்று பலர் இதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆற்றில் எந்த இடத்தில் எந்தக் கல் இருக்கிறது என்பது மனப்பாடம். ‘அண்ணா, எங்களுக்கு அவசரம் இல்லை, பாறை ஓரமா மெதுவாப் போங்க’ என்று சொன்னால் போதும், பயணமே வேறு மாதிரி ஆகிவிடும். இல்லாவிட்டால் எல்லோரையும் கூட்டிப்போகிற வேகத்தில் உங்களையும் கூட்டிப்போய் வந்துவிடுவார்கள், அவர்களுக்கு அடுத்த சவாரி காத்திருக்கிறதே.

ஏறுவது, உட்காருவது

பரிசல் என்பது மூங்கிலால் பின்னிய வட்டமான கூடு. அந்தக் காலத்தில் மாட்டுத்தோலைப் போர்த்தினார்கள். பின்னால் பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்தன. அடி தட்டையாக இருப்பதால் சில அங்குல ஆழத் தண்ணீரே போதும், மோட்டார் படகு நுழைய முடியாத கல் இடுக்கில்கூட அது வழுக்கிக்கொண்டு போகும். கல்லில் மோதினால் மூங்கில் கொஞ்சம் வளைந்து கொடுக்குமே தவிர உடையாது. அதனால் ‘டங்’ என்று ஒரு இடி கேட்டால் பதறி எழுந்துவிடாதீர்கள். எழுவதுதான் ஆபத்து.

ஏறும்போது ஒவ்வொருவராக, காலை நடு மையத்தில் வைத்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். விளிம்பில் மிதித்தால் பரிசல் சாயும். எடை அதிகமானவர்கள் இரண்டு பேர் ஒரே பக்கம் உட்காராமல் எதிரெதிரே உட்காருங்கள். எங்கே உட்கார வேண்டும் என்று ஓட்டியே சொல்வார், அவர் சொல்லைக் கேளுங்கள். அப்புறம் இடம் மாறக் கூடாது. ஏதாவது நல்ல காட்சி தெரிந்ததும் நாலு பேரும் ஒரே பக்கம் சாய்வதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. கழுத்தைத் திருப்புங்கள், உடம்பைத் திருப்ப வேண்டாம். கையை விளிம்புக்கு வெளியே தொங்கவிடாதீர்கள், பாறைக்கும் பரிசலுக்கும் நடுவே விரல் மாட்டிக்கொள்ளும்.

பரிசலுக்கு முன், பின் கிடையாது. ஓட்டி ஒரே ஒரு துடுப்பால் முன்னாலிருக்கும் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து இழுத்து ஓட்டுவார். கொஞ்சம் கை மாறினாலே பரிசல் சுற்றத் தொடங்கிவிடும். பயணிகளை மகிழ்விக்க வேண்டுமென்றே சுற்றிவிடுகிற ஓட்டிகளும் உண்டு. தலைசுற்றல் இருக்கிறவர்கள் ‘சுற்ற வேண்டாம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. காலைச் சாப்பாட்டையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பாறைகளுக்கு நடுவே

முதல் கொஞ்ச தூரம் சாதாரண ஆறுதான். மரங்கள், திட்டுகள், துணி துவைக்கிறவர்கள். அப்புறம் ஓரிடத்தில் இறங்கச் சொல்வார்கள். ஆறு படிபோலச் சரிகிற இடம் அது. ஓட்டி பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பார், நாம் பின்னால் பாறைமேல் நடக்க வேண்டும். முட்டி வலி இருக்கிறவர்கள் முன்கூட்டியே கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

மறுபடி ஏறியதும் சத்தம் மாறும். அருவியின் இரைச்சல் பாறைகளில் மோதி எல்லாப் பக்கமிருந்தும் வரும். பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். சுவர்கள் இரண்டு பக்கமும் உயர்ந்துவிட்டிருக்கும். இங்கேதான் போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கச் சொல்வேன். பாறையின் கீழ்ப்பகுதி தண்ணீர் தேய்த்து மழமழப்பாக இருக்கும், மேலே போகப் போகச் சொரசொரப்பு கூடும். அந்த இரண்டும் சேரும் கோடு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வெள்ளக் காலத்தில் ஆறு எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பது அங்கே தெரியும், பெரும்பாலும் உங்கள் தலைக்கு வெகு மேலே இருக்கும். லட்சம் கன அடி என்று செய்தியில் படித்த எண்ணுக்கு அப்போதுதான் ஒரு உருவம் கிடைக்கும். ஆங்காங்கே வட்டமான குழிகள் தெரியும். சுழலில் அகப்பட்ட கூழாங்கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் குடைந்தவை அவை. இந்தப் பகுதிப் பாறைகளில் கார்பனடைட் என்கிற அரிய வகையும் இருக்கிறது. அதன் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் என்று புவியியலாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

பாறை வெடிப்புகளில் வேர்விட்டுத் தொங்கும் மரங்களையும், கல்மேல் சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகங்களையும் பார்க்கலாம். நடு ஆற்றில் இன்னொரு பரிசல் உங்களை நோக்கி வரும், அதில் சிப்ஸ், முறுக்கு, குளிர்பானம் எல்லாம் இருக்கும். மிதக்கும் பெட்டிக்கடை! வாங்குங்கள், ஆனால் காலி உறையைப் பைக்குள் வையுங்கள்.

அருவியின் கீழே எவ்வளவு பக்கத்தில் போவது என்பது ஓட்டியின் முடிவு. சாரல் முகத்தில் அடிக்கிற தூரமே போதுமானது. ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று அவரை உசுப்பாதீர்கள். ஐந்தருவி தெரிகிற பக்கம், பெரியபாணி, மணல்திட்டு என்று அன்றைய வழியைப் பொறுத்து நிறுத்தங்கள் மாறும். மணல்திட்டில் இறங்கிக் கால் நனைக்கலாம். நீந்தப் போகாதீர்கள். காவிரியின் இந்தப் பகுதியில் முதலைகள் இருக்கின்றன. வனத்துறை ஒகேனக்கல்லிலேயே முதலைப் பண்ணை வைத்திருக்கிறது. ஆசை இருந்தால் அங்கே போய்ப் பார்க்கலாம்.

உயரமான பாறையிலிருந்து குதித்துக் காட்டுகிறேன், காசு கொடுங்கள் என்று சிறுவர்கள் கேட்பதுண்டு. கொடுக்காதீர்கள், படமும் எடுக்காதீர்கள். கைதட்டல் இருக்கும்வரை அவர்கள் குதிப்பார்கள்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்பதரை, பத்து மணிக்கு மேல்தான் வெயில் சுவரின் அடிவரை இறங்கும். அதற்கு முன் போனால் ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெளுப்புமாகப் படம் வரும். அமைதி வேண்டுமென்றால் காலை, படம் வேண்டுமென்றால் கொஞ்சம் தாமதம். நான் அமைதிக்கே ஓட்டுப் போடுவேன்.

யார் யோசிக்க வேண்டும்

கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் பரிசலைத் தள்ளிப்போடுவது நல்லது. வயதானவர்களுக்குப் பாறை நடைதான் சிக்கல், பரிசல் அல்ல. அவர்களுக்காகக் கிட்டத்து ஆற்றில் மட்டும் சுற்றிவர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், தண்ணீர் தோதாக இருந்தால் ஒப்புக்கொள்வார்கள்.

கரையேறியதும்

பலர் முதலில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, அந்த உடம்போடு பரிசலுக்கு வருகிறார்கள். வழுக்கும், லைப் ஜாக்கெட்டும் நாறும். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: காலையில் பரிசல், அப்புறம் மசாஜ், அப்புறம் அருவிக் குளியல், கடைசியில் மீன். மசாஜுக்கு என்ன விலை, எண்ணெய் அதில் சேருமா சேராதா என்று உட்காருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். குளிக்க அனுமதித்திருக்கிற இடத்தில் மட்டும் குளியுங்கள்.

மீன் கடைகளில் கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி, வாளை எல்லாம் இருக்கும். மசாலா தடவி வைத்திருப்பதைக் காட்டி, வேண்டியதை எடுத்துப் பொரித்துத் தருவார்கள். கொஞ்சம் பொறுமை இருந்தால், மீனையும் சாமான்களையும் வாங்கிக் கொடுத்து, அங்கே சமைத்துத் தரும் பெண்களிடம் குழம்பு வைக்கச் சொல்லலாம். பரிசலுக்குக் கிளம்பும் முன் சொல்லிவிட்டுப் போனால், குளித்துவிட்டு வரும்போது தயாராக இருக்கும். சோறு, குழம்பு, வறுவல் என்று இலை போட்டு உட்கார்ந்தால் அந்தப் பசிக்கு வேறு எதுவும் ஈடாகாது. எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

தண்ணீர் அதிகமாகிப் பரிசல் ரத்தானால், வந்ததற்குத் தொங்கு பாலமும் பார்வைக் கோபுரமும் இருக்கின்றன. எல்லாவற்றையும் மூழ்கடிக்கிற பெருவெள்ளமாக இல்லாவிட்டால், அருவி அன்றைக்குத்தான் அதன் முழு அளவில் இருக்கும். பாறைப் பயணத்தை இன்னொரு தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் பரிசல் சீக்கிரமே நின்றுவிடும். இரவில் தங்கவில்லை என்றால் ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள், பென்னாகரம் காட்டுச் சாலையை வெளிச்சத்திலேயே கடந்துவிடலாம். பேருந்தில் போகிறவர்கள் தருமபுரிக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.